வராமற்போன சளிக்காலமும் பருவம் தவறி வந்த இருமலும்

அகல்விளக்கு – 2021 ஜூலை 9

என் மகளுக்குப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பெருந்தொற்று அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்களுக்குள் பிறந்தவள். எங்கள் இருவரையும் அவளுடைய பாட்டியையும் தவிர வேறு எவருடைய முகத்தையும் கவசமின்றி அருகில் பார்த்தறியாமலே முதல் ஆண்டைக் கழித்தாள். அந்த ஓராண்டில் ஒருமுறைகூட அவளுக்கு மூக்கு ஒழுகியதில்லை; அதை எங்கள் கவனத்தின் பயன் என்று எண்ணி மகிழ்ந்திருந்தோம். சென்ற மாதம் வாரத்துக்கு மூன்று நாள் அவளைக் காப்பகத்தில் விடத் தொடங்கினோம். ஒன்பதாம் நாள் சளி, பதினொன்றாம் நாள் இருமல், அதற்கு மறுநாள் இரவு பால் குடிக்கவும் முடியாமல் மூச்சு வாங்கியது. கொரோனா இல்லை என்று பரிசோதனை முடிவு வந்ததும் எங்களுக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. ஆனால் மருத்துவர்கள் இது ஆர்.எஸ்.வி. என்ற, மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ் என்றார்கள்; இரண்டு நாள் ஆக்சிஜன் கொடுத்துப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நலமாக இருக்கிறாள்.

எனக்கு இரண்டு ஐயங்கள். குளிர்காலத்தில் வருவது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும் ஒரு வைரஸ், அதற்கு உரிய பருவமே அல்லாத மாதத்தில் வந்தது ஏன்? ஓராண்டு முழுவதும் அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்ததால்தான் இவ்வளவு கடுமையாகத் தாக்கியதா? இரண்டாவது கேள்வியை உறவினர்கள் என்னிடம் கேட்கும் தொனி வேறு. ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

பிள்ளைநலம் – 2021 ஜூலை 9

அகல்விளக்கு அம்மா, நான் குழந்தைநல மருத்துவன். தங்கள் மகளை நேரில் பார்க்காமல் பொதுவானதை மட்டும் சொல்கிறேன். தாங்கள் விவரித்திருப்பது நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழல்களில் ஏற்படும் அழற்சி. நாங்கள் பிராங்கியோலைட்டிஸ் என்போம். அதை உண்டாக்குவதில் ஆர்.எஸ்.வி.க்கே முதலிடம். 1956-இல் சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் இது. இயல்பான ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் இரண்டு வயது நிறைவதற்குள் ஒருமுறையாவது இதற்கு ஆளாகிவிடுகின்றன. பெரியவர்களுக்கும் வாழ்நாள் முழுக்க மீண்டும் மீண்டும் வருகிறது. ஆனால் நமக்கு அது வெறும் ஜலதோஷம்.

அதே வைரஸ் கைக்குழந்தையைத் திணறடிப்பதற்குக் காரணம் குழலின் அளவுதான். சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் தரும் தடை, ஆரம் பாதியாகும்போது பதினாறு மடங்காகிறது. பெரியவரின் மூச்சுக்குழலில் ஒரு மில்லிமீட்டர் வீக்கமும் சிறிது கோழையும் பொருட்டே அல்ல. சிசுவின் குழலில் அதுவே பாதி வழியை அடைத்துவிடும். இளம் சிசுக்கள் பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடுவதால், மூக்கடைப்பே அவர்களுக்குப் பால் குடிப்பதைப் போராட்டமாக்கிவிடுகிறது.

நோய் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை அடைந்து பின் தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். இதற்கு ஆன்டிபயாடிக் உதவாது, ஸ்டீராய்டும் உதவாது, நெபுலைசர் வழியாகத் தரும் மூச்சுக்குழல் விரிப்பு மருந்தாலும் இந்நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பயனில்லை. மூக்கைச் சுத்தம் செய்வது, சிறிது சிறிதாக அடிக்கடிப் பால் கொடுப்பது, தேவைப்பட்டால் ஆக்சிஜன் அளிப்பது ஆகியவையே சிகிச்சை. ‘ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்’ என்று பெற்றோர் குறைப்பட்டுக்கொள்வதை நான் வாரந்தோறும் கேட்கிறேன். ஒன்றும் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குக் கூடுதல் துணிவு வேண்டியிருக்கிறது.

வீட்டில் எல்லோரும் ஒன்றைக் கற்று வைத்திருக்கலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது அல்லது உறங்கும்போது ஒரு நிமிடம் முழுவதும், கடிகாரத்தைப் பார்த்து, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்குவது, மூக்குத் துளைகள் விரிவது, வழக்கமாகக் குடிப்பதில் பாதியைக்கூடக் குடிக்காதது, பல மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, உதடு நீலம் பாய்வது, மூச்சு இடையிடையே நின்றுபோவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

வெண்கலமணி – 2021 ஜூலை 10

மருத்துவர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அம்மையாரின் இரண்டாவது கேள்விக்கு அவர் விடை தரவில்லை. நடக்காத கால் மெலிந்துபோவது போல, கிருமியைக் காணாத உடலின் எதிர்ப்பாற்றலும் மெலியத்தானே செய்யும்? நாங்கள் மண்ணில் புரண்டு வளர்ந்தோம்; மூக்கு ஒழுகாத நாளே கிடையாது; அதனால்தான் திடமாக இருக்கிறோம். பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் இவ்வாண்டு இதற்கு ‘எதிர்ப்பாற்றல் கடன்’ என்று பெயரே சூட்டியிருக்கிறார்கள். வாங்கிய கடனை வட்டியோடு கட்டித்தானே தீர வேண்டும்?

கணக்குப்பிள்ளை – 2021 ஜூலை 10

வெண்கலமணி அவர்களே, மண்ணில் புரண்டவர்களில் இங்கே எழுத வந்திருப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே என்பதை முதலில் நினைவில் வைப்போம். நான் மருத்துவன் அல்லன். தொற்றுநோய்ப் பரவலைக் கணக்கிடும் துறையில் வேலை செய்பவன். ஆகவே பருவம் தவறியது ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, தென் அரைக்கோளத்தின் குளிர்காலத்தில், ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் இன்ஃப்ளுயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சலுக்காகப் பரிசோதித்த 83,307 மாதிரிகளில் வெறும் 51 மட்டுமே தொற்றைக் காட்டின. முந்தைய மூன்று ஆண்டுகளில் அதே மாதங்களில் தொற்று விகிதம் 13.7 விழுக்காடாக இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் ஆர்.எஸ்.வி. அந்தக் குளிர்காலத்தில் 98 விழுக்காடு குறைந்தது. பள்ளிகள் பெரும்பாலும் திறந்திருந்தபோதே இது நிகழ்ந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பிறகு செப்டம்பர் இறுதியில் ஆர்.எஸ்.வி. ஏறத் தொடங்கி, அங்கே வெயில் கொளுத்தும் மாதங்களில் உச்சத்தைத் தொட்டது. அமெரிக்காவின் தென்பகுதியிலும் இதேபோலப் பருவம் தவறிப் பரவுவதாகச் சென்ற ஜூன் 10 அன்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. அம்மையாரின் மகள் தனியாக அகப்படவில்லை.

பருவம் என்பது குளிரால் மட்டும் அமைவதன்று. போன பருவத்துக்குப் பின் பிறந்து இன்னும் தொற்றைச் சந்திக்காத குழந்தைகளின் தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டுவதும், மக்கள் அடைந்த அறைகளில் நெருங்கியிருப்பதும், வானிலை ஒத்துழைப்பதும் சேர்ந்தே அலையை எழுப்புகின்றன. ஓராண்டு அலையே இல்லாதபோது அந்தத் தொகை இரு மடங்காகக் குவிகிறது. விறகு அவ்வளவு சேர்ந்துவிட்டால் வானிலையின் துணை இல்லாமலே தீப்பற்றும். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2020 இறுதியிலேயே கணித மாதிரிகளைக் கொண்டு இதை முன்னறிவித்திருந்தார்கள்.

இனிக் கடனுக்கு வருவோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பருவம் தவறிய அலையில் நோயுற்ற குழந்தைகளின் வயதின் இடைநிலை அளவு 18.4 மாதங்கள். 2012 முதல் 2019 வரை அது 7.3-இலிருந்து 12.5 மாதங்களுக்குள் இருந்தது. அதாவது, கைக்குழந்தையாக இருக்கும்போது சந்தித்திருக்க வேண்டிய வைரஸை நடக்கத் தெரிந்த பிறகு சந்தித்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பாற்றல் மெலியவில்லை. முதல் சந்திப்பு தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே. எதிர்ப்பாற்றல் என்பது பயிற்சி இன்றி வற்றிப்போகும் தசை அன்று. ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக நினைவில் கொள்ளும் ஏடு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். எழுதப்படாத பக்கத்தால் ஏடு நைந்துபோவதில்லை.

நுண்ணோக்கி – 2021 ஜூலை 11

ஆய்வகத்தில் இருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். இன்ஃப்ளுயன்சா மறைந்தும் கொரோனா பரவியது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கட்டுப்பாடுகள் பயனற்றவை என்பதற்கு அதையே சான்றாகவும் காட்டுகிறார்கள். இயல்பான பருவத்தில் ஃப்ளூ தொற்றிய ஒருவர் சராசரியாக 1.3 பேருக்குத்தான் அதைத் தருகிறார். கொரோனாவின் தொடக்க வடிவமோ இரண்டு முதல் மூன்று பேருக்குத் தந்தது. தொடர்புகளைப் பாதியாகக் குறைத்தால் முதலாவது ஒன்றுக்குக் கீழே விழுந்து அணைந்துவிடும். இரண்டாவது தள்ளாடியபடி உயிரோடிருக்கும்.

அதே ஆண்டில், சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸ் மட்டும் போகவே இல்லை. ஹாங்காங்கில் பள்ளிகள் திறந்ததும், குழந்தைகள் முகக்கவசம் அணிந்திருந்தபோதே, வகுப்பு வகுப்பாக ஜலதோஷம் பரவியது. இன்ஃப்ளுயன்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா ஆகியவற்றுக்குக் கொழுப்பாலான வெளியுறை உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். ரைனோ வைரஸுக்கு அந்த உறை இல்லாததால் ஆல்கஹால் கைத்தூய்மிக்கு எளிதில் மசியாது. மேசையிலும் பொம்மையிலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். மூச்சுக்காற்றில் வெளிவரும் வைரஸை முகக்கவசம் எவ்வளவு தடுக்கிறது என்று ஆராய்ந்து 2020-இல் வெளியான ஹாங்காங் ஆய்விலும், கொரோனா வகைகளுக்கும் இன்ஃப்ளுயன்சாவுக்கும் தெரிந்த பயன் ரைனோவுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

இடையே ஒரு சுவையான செய்தி. ஒரு வைரஸ் மூக்கின் சவ்வில் குடியேறினால், அதை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் அடுத்த வைரஸைச் சில நாட்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவதுண்டு. 2009 ஃப்ளூ பெருந்தொற்றின்போது பிரான்சில் ஃப்ளூ அலை தாமதமானதற்கு அந்த இலையுதிர்கால ரைனோ அலை ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதற்காக ரைனோவை வலியத் தேடிப் போக வேண்டாம்.

ஊஞ்சல் – 2021 ஜூலை 13

நான் குழந்தைகள் காப்பகத்தில் பணிபுரிகிறேன். மூக்கு ஒழுகினால் வீட்டுக்கு அனுப்பு, பரிசோதனை முடிவு வந்தபின் சேர்த்துக்கொள் என்பது எங்கள் இப்போதைய விதி. பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வரும். ஆனால் சளி மூன்று வாரம் ஒழுகும். மூன்று வாரமும் ஒரு தாய் எப்படி வேலைக்கு விடுப்பு எடுப்பார்? பல வைரஸ்களை ஒன்றாகத் தேடும் விரிவான பி.சி.ஆர். பரிசோதனை செய்து ரைனோ என்று எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவெடுப்பது? இரண்டு வயதுக் குழந்தைக்கு முகக்கவசம் மாட்டச் சொல்லும் பெற்றோரும், மாட்டினால் மூச்சு முட்டும் என்று சண்டைக்கு வரும் பெற்றோரும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.

பிள்ளைநலம் – 2021 ஜூலை 13

ஊஞ்சல் அவர்களே, தங்கள் இடத்தில் இருப்பதைவிட என் வேலை எளிது. காப்பகத்துக்குப் புதிதாக வரும் குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை, சில வேளை அதற்கும் மேலாக, சளி பிடிப்பது இயல்பே. ஒவ்வொன்றும் இரண்டு வாரம் இழுத்தால் குளிர்காலம் முழுவதும் ஒரே சளி போலத்தான் தோன்றும். அந்தப் பரிசோதனைத் தாளுக்கு மிகுந்த மதிப்புக் கொடுக்க வேண்டாம்; நலமாக ஓடியாடும் குழந்தைகளின் மூக்கிலும் ரைனோ வைரஸின் மரபணுத் துணுக்குகள் அடிக்கடி அகப்படுகின்றன. காய்ச்சல் இருக்கிறதா, குழந்தை விளையாடுகிறதா, உண்கிறதா, மூச்சு எப்படி என்பவற்றை வைத்து முடிவெடுப்பதே பயனுள்ளது. கொரோனாவுக்கான விதி தனி. அதைத் தங்கள் பகுதியின் சுகாதாரத் துறை சொல்வதுபோல் கடைப்பிடியுங்கள்.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, ஐந்து வயது வரை கட்டாயம் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் கூறின. அமெரிக்காவில் இரண்டு வயதிலிருந்தே அணியச் சொல்கிறார்கள். எல்லோரும் ஒப்புவது, இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது என்பதையே. அதைப் பற்றிச் சண்டையிடும் நேரத்தில் சன்னல்களைத் திறந்து வைக்கலாம். மூச்சு வழி பரவும் எல்லா வைரஸுக்கும் அது ஓரளவேனும் பொருந்தும்.

வெண்கலமணி – 2022 டிசம்பர் 4

இந்த இழையைத் தூசு தட்டி எடுத்து வந்ததற்கு மன்னிக்கவும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிகின்றன. ஆர்.எஸ்.வி., ஃப்ளூ, கொரோனா மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன. நான் அன்று சொன்ன கடன் இதுதானே? இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா?

கணக்குப்பிள்ளை – 2022 டிசம்பர் 5

பாதியை ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பாதி சிறியதன்று. சமூகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளில் பிரிந்து வர வேண்டிய நோயாளிகள் ஒரே பருவத்தில் வருவது பேரிடர்தான். படுக்கைகளின் எண்ணிக்கை கூடவில்லை. செவிலியர் எண்ணிக்கை குறைந்தும் போயிருக்கிறது. பத்தாவது படுக்கையில் கிடைக்கும் கவனம் நூறாவது குழந்தைக்குக் கிடைக்காது. இதைக் கடன் என்று அழைத்தால் நான் வாதாட மாட்டேன்.

நான் முன்பு கவனிக்கத் தவறிய ஒன்றும் இருக்கிறது. தாய் ஆண்டுதோறும் இந்த வைரஸைச் சந்தித்துத் தன் நோயெதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகளைப் புதுப்பித்துக்கொள்கிறாள். கருவிலிருக்கும் சிசுவுக்கு அவற்றில் ஒரு பங்கைத் தருகிறாள். வான்கூவரில் செய்த ஆய்வில், 2020-ஐவிட 2021-இல் பெண்களிடமும் சிசுக்களிடமும் ஆர்.எஸ்.வி. ஆன்டிபாடி குறைந்திருந்தது. ஆகவே அலை வந்தபோது பிறந்த சில மாதங்களேயான சிசுக்களும் வழக்கத்தைவிடக் குறைந்த பாதுகாப்புடன் அதைச் சந்தித்திருக்கக்கூடும். 2021-இல் நான் எழுதிய மறுமொழியில் வளர்ந்த குழந்தைகளை மட்டுமே எண்ணிப் பார்த்திருந்தேன்.

மறுபாதியை இன்றும் மறுக்கிறேன். ஒரு தனிக் குழந்தை, நோய் தள்ளிப்போனதால் வட்டி கட்டுவதில்லை. இரண்டு மாதத்தில் ஆர்.எஸ்.வி. வருவதும் இருபது மாதத்தில் வருவதும் ஒன்றல்ல. முன்னதில் மூச்சே நின்றுபோகும் ஆபத்து உண்டு, பின்னதில் அது மிக அரிது. அகல்விளக்கு அம்மையாரின் மகளுக்கு அந்தத் தாமதம் இழப்பு அன்று, வரவு. இன்னொரு தரப்பினர், கொரோனா குழந்தைகளின் எதிர்ப்பாற்றலைச் சிதைத்துவிட்டதால்தான் மற்ற வைரஸ்கள் இப்படிப் பாய்கின்றன என்கிறார்கள். அவர்களும் மேற்கு ஆஸ்திரேலியாவை மறந்துவிடுகிறார்கள். 2020 இறுதியில் அங்கே சமூகத்தில் கொரோனா ஏறக்குறைய இல்லை; அப்படியிருந்தும் ஆர்.எஸ்.வி. அலை எழுந்தது.

வெண்கலமணி – 2022 டிசம்பர் 5

‘கடன்’ என்ற சொல்லைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன் என்று எடுத்துக்கொள்கிறேன். என் பேரனுக்கு ஆறு வாரம். பார்க்க வருகிறீர்களா என்று மருமகள் கேட்டபோது, என் சளி தீர்ந்த பிறகு வருகிறேன் என்றுதான் நானும் சொன்னேன்.

நுண்ணோக்கி – 2024 மே 18

இழையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்காக, இடைப்பட்ட காலத்தில் மாறியவற்றைப் பதிவு செய்கிறேன். இன்ஃப்ளுயன்சா பி வகையின் யமகட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பின் உறுதியாக எங்கும் கண்டறியப்படவில்லை; இனித் தடுப்பூசியில் அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2023 செப்டம்பரில் கூறிவிட்டது. நாம் குறி வைத்தது ஒன்று, வீழ்ந்தது மற்றொன்று.

ஆர்.எஸ்.வி.யில் நிகழ்ந்தது இதைவிடப் பெரிது. 1966-இல் அமெரிக்காவில், ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த வைரஸைத் தடுப்பூசியாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பின்னர் இயற்கையாகத் தொற்று வந்தபோது, ஊசி போட்டு நோயுற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். அந்த அதிர்ச்சியில் இத்துறை பல பத்தாண்டுகள் தேங்கிப்போனது. உயிரணுவோடு ஒட்டும் முன் ஒரு வடிவிலும் ஒட்டிய பின் வேறு வடிவிலும் இருக்கும் வைரஸ் புரதத்தை, ஒட்டும் முன்னைய வடிவிலேயே பிடித்து நிறுத்த 2013-இல் கற்றுக்கொண்ட பிறகே முடிச்சு அவிழ்ந்தது. கொரோனா தடுப்பூசிகள் சிலவற்றில் அந்த வைரஸின் கூர்ப்புரதத்தை (ஸ்பைக்) நிலைநிறுத்தியது இதே அணுகுமுறையே. அதாவது, பெருந்தொற்றுக் காலத்தில் நமக்கு உதவிய அறிவு, குழந்தைகளின் சளி வைரஸை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது.

இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. கருவுற்ற தாய்க்கு 32 முதல் 36 வாரத்துக்குள் போடும் தடுப்பூசிக்கு அமெரிக்கா 2023 ஆகஸ்டில் இசைவு தந்தது. நிர்செவிமாப் என்ற நெடுநாள் ஆன்டிபாடியைச் சிசுவுக்கே ஒரே ஊசியாகப் போடலாம். ஸ்பெயினின் கலீசியாப் பகுதியில் 2023–24 பருவத்தில் எல்லாச் சிசுக்களுக்கும் அதை அளித்தபோது, ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேர்வதை அது 82 விழுக்காடு தடுத்தது. இதற்கு முன்பிருந்த பாலிவிசுமாப் என்ற ஆன்டிபாடி ஊசியை மாதந்தோறும் போட வேண்டும் என்பதால் குறைமாதக் குழந்தைகள் போன்ற சிலருக்கு மட்டுமே அது எட்டியது.

கசப்பானதையும் சொல்ல வேண்டும். 2019-இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் பேருக்கு ஆர்.எஸ்.வி.யால் கீழ்ச்சுவாசத் தொற்று ஏற்பட்டதாகவும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த இறப்புகளில் 97 விழுக்காட்டுக்கும் மேல் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் நிகழ்ந்தவை. புதிய ஊசிகள் முதலில் போய்ச் சேர்ந்திருப்பது மற்ற நாடுகளுக்கு.

அகல்விளக்கு – 2024 மே 19

நுண்ணோக்கி அவர்களுக்கு நன்றி. நான் வசிக்கும் இடத்தில் அந்த இரண்டு ஊசிகளும் இன்னும் கிடைக்கவில்லை. மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது; இவ்வாண்டு மட்டும் ஏழு முறை சளி பிடித்து ஏழு முறையும் தானாகத் தேறினாள். ஐந்து வாரங்களுக்கு முன் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். பள்ளியிலிருந்து அவள் கொண்டுவந்த எட்டாவது சளி, கை கழுவச் சொல்லியும், தம்பியின் முகத்தருகே போகாதே என்று தடுத்தும், மூன்று நாட்களுக்கு முன் அவனுக்கும் வந்துவிட்டது. நேற்று மருத்துவரிடம் காட்டினோம். நெஞ்சில் கோளாறு இல்லை, கவனித்து வாருங்கள் என்றார். உப்புக்கரைசல் சொட்டை விட்டு மூக்கைச் சுத்தம் செய்து, ஒரு மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகப் பால் கொடுக்கிறேன். பிள்ளைநலம் ஐயா அன்று சொல்லிக்கொடுத்தபடி, அவன் உறங்கும்போது கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுகிறேன். இரவு பத்து மணிக்கு 52, இரண்டு மணிக்கு 49, இப்போது விடியற்காலையில் 46.